கதிரையில் இருந்து ஓடியவள்

தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கேம் பெட்டியை விற்றவரே கொண்டுவந்து டீவியில் பூட்டினார். மெலிந்த மனிதர். முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்; எதிரே நிற்பவரின் கால்களையே பார்ப்பார். அதனாலேயே எனக்கு அவரில் நம்பிக்கை வரவில்லை.

ஒன்பது வயது மகளுக்கு எடை கூடிவிட்டது, ஓடியாடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியே லொறிகள் போகிற வீதி. பெட்டியோடு வரும் கோலைக் கையில் பிடித்து நாம் ஓடினால் டீவியில் பொம்மையும் ஓடும் என்பதால் வாங்கினேன்.

ஒரு கிழமை கழித்து, கூப்பிடாமலே வந்தார். இன்னொன்றை விற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, இருக்கவும் சொல்லவில்லை.

“பாருங்க, மகள்தான் முதலாவது” என்று டீவியில் ஓடிய ஓட்டப்போட்டியைக் காட்டினேன்.

“டீவியைப் பாக்காதீங்க நானா. பிள்ளைட காலைப் பாருங்க” என்றார் அவர், என்னை அண்ணன் முறை வைத்து.

மகள் கதிரையில் இருந்தபடி மணிக்கட்டை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கிழமையாகப் பக்கத்தில் இருந்து கைதட்டியவன் நான். அவர் கோலை வாங்கி அவள் கணுக்காலில் நாடாவால் கட்டினார். முறைத்துக்கொண்டே எழும்பி ஓடியவளுக்கு ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது.

“இதை ஏமாத்தலாம் எண்டு அண்டைக்கே ஏன் சொல்லல்ல?” என்று கோபமாகக் கேட்டேன்.

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். “இன்னும் நாலு வீட்டுல பிள்ளைகள் கதிரைல இருந்துக்கிட்டு ஓடுதுகள்” என்று சைக்கிளை எடுத்தார்.

அவரை நம்பலாமா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.