சனிக்கிழமை மட்டும் உறையும் சக்கரம்

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் மூன்று மணி தாண்டினால் கடற்கரை ஊரான ராவ்மாவில் வெளிச்சம் நீலமாகிவிடும். உறைந்த கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. அந்த நீலத்தில்தான் ஐலா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். அடுத்த அறையில் நீராவிக் குளியலுக்கான சவுனாவின் கற்கள் சூடேறிக்கொண்டிருக்கும்.

வேலை செய்த காலமெல்லாம் ஸ்வீடனுக்குப் போகும் கப்பல்களில், சூதாட்டச் சக்கரம் சுழலும் ரூலெட் மேசை நடத்தியவள் அவள். கடல் எவ்வளவு ஆடினாலும் ஐலாவின் கை ஆடாது என்பார்கள். ஓய்வு பெற்றபின் வீட்டுத் திரையில் சுழலும் சக்கரத்தில் சில்லறை வைத்து ஆடினாள். ஜெயிப்பதற்காக அல்ல. அந்த மேசைக்கு அர்வோ வருவான்.

அர்வோ அவளுடைய ஒரே தம்பி; கடலுக்கு அந்தப்புறம் ஸ்வீடனில், யெவ்லேயில் இருக்கிறான். அம்மாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. "இனிமே நீ வரவே வேண்டாம்" என்று ஐலா ஃபோனில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, இரண்டு மனங்களுக்கு நடுவே பனி மூட.

பல வருஷம் கழித்து, ஆட்டக்காரர்கள் அரட்டை அடிக்கும் கட்டத்தில் ஒரு வரி விழுந்தது. ஐலா அந்த மேசையில் தனக்கு வைத்திருந்த பெயர் அம்மாவின் துடுப்புப் படகின் பெயர். "அந்தப் படகுல ஓட்டை இருந்துச்சே, அடைச்சாச்சா?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். வேறு யாருக்குத் தெரியும் அந்த ஓட்டை? ஐலா திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் ஒரே எண்ணில் பந்தயம் வைத்தார்கள். வானிலை பேசினார்கள், அம்மாவைப் பேசவில்லை. தம்பியின் ஃபோன் எண் அவளிடம் இருந்தது. ஆனால் எழுத்தில் அழுதால் யாருக்கும் கேட்காதல்லவா?

போன சனிக்கிழமை அவன் எழுதினான்: "அக்கா, இன்னும் என் மேல கோவமா?"

"இல்லடா" என்று அவள் தட்டுவதற்குள், சில வாரமாகவே சனிக்கிழமைகளில் திணறிவந்த சக்கரம் அடியோடு நின்றது. பந்து அந்தரத்தில் தொங்கியது. எந்த எழுத்தும் நகரவில்லை. அணைத்துப் போட்டு மறுபடி உள்ளே வந்தபோது அவன் இடம் காலி. மேசையை விட்டுப் போனவனுக்கு எழுத்தும் போய்ச் சேராது. அக்கா வாயை மூடிக்கொண்டாள் என்றுதானே நினைத்திருப்பான்!

புதன்கிழமை பக்கத்து வீட்டுத் தார்மோவைக் கூப்பிட்டாள். கப்பலில் மின்வேலை பார்த்த மனிதர். தேவையில்லாத கோப்புகளை அழித்தார், பின்னால் ஓடிய நிரல்களை நிறுத்தினார், சூதாட்ட மென்பொருளையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்.

"பாரு, குதிரை மாதிரி ஓடுது. ஒன்னோட விரல்லதான் கோளாறு."

"என் விரலைச் சொல்லாத. சனிக்கிழமை வந்து பாரு."

வந்தார். சக்கரம் மெல்ல மெல்ல, தூக்கத்தில் நடப்பதைப் போலச் சுற்றி, நின்றே விட்டது. தார்மோ பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! இதுல முட்டை வேகும்." சவுனாவின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "துணி மாத்துற ரூம்லயா கம்ப்யூட்டர வைப்பாங்க?"

"இங்கதான இணையக் கம்பி வருது. கல்லு சூடாகுற வரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்கவா?"

"சூடு ஏறினா கருகாம இருக்க அதுவே மெதுவாயிடும். துண்டுப் பஞ்சு வேற காத்தாடில அப்பிக் கெடக்கு. ஆறு நாள் நல்லா ஓடி, சனிக்கிழமை மட்டும் படுத்துக்கறது இதனாலதான்."

பஞ்சைச் சுரண்டி எடுத்தார். நீளக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, பெட்டியைச் சமையலறை ஜன்னலோரம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சக்கரம் பட்டுப்போல் சுழன்றது. வெள்ளைப் பந்து பனித்துளியாக மிதந்தது.

அர்வோவின் இடம் காலி.

அவன் பெயர் ஒரு கணம் தோன்றும், மறையும். மறுபடி தோன்றும், மறையும். ஐலா இதுவரை மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மெஷின் நன்றாக இருக்கிறதே, யாரைத் திட்டுவது? வராதே என்று சொன்னது இந்த வாய்தானே? நடுங்கிய விரலால் அவன் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"நான்தான்டா."

"அக்கா... நீ பதில் போட்டியா? அன்னைக்கு என் மேசையும் நின்னுபோச்சு. இப்பவும் உள்ள போனா வெளிய தள்ளுது."

ஐலா கண்ணை மூடிக்கொண்டாள். "உன் கம்ப்யூட்டர் எங்கடா இருக்கு?"

"சவுனா வாசல்ல. பின்ன எங்க வைப்பாங்க?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. அடக்கவில்லை, அவனுக்குக் கேட்கட்டும்.

"அழாதக்கா. அம்மா அடக்கத்தன்னைக்குப் புயல்ல கப்பல் கெளம்பல. நான் துறைமுகத்துலயே உக்காந்திருந்தேன்."

"உன் மேல கோவம் எப்பவோ போயிடுச்சுடா. உன்னைய வரவேண்டாம்னு சொன்ன என் மேலதான் இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே நீலம் கருத்துக்கொண்டு வந்தது. திரையில் பந்தயம் வைக்க யாருமில்லாமல் சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றது. ஐலா அதைப் பார்க்கவேயில்லை. தம்பி அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்க, ஐலா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.