பின்னுக்குப் போகாத அக்கா

நவம்பர் மாதத்து ஞாயிறு. பிற்பகல் மூன்றரைக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. டென்மார்க்கின் மேற்கு யூலாந்துப் பகுதியில், ஒரு சிறிய செங்கல் தேவாலயத்தில் மாதம் ஒரு முறை நடக்கும் தமிழ்ப் பூசை. குருவானவர், எங்களுக்குச் சுவாமி, அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். மணி அடித்து ஓய்ந்த பிறகு வரும் அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல மேலேறி, மூச்சு முடியும்வரை நீண்ட சத்தம். மழையில் நனைந்த மேலங்கிகளோடு முழந்தாளில் நின்றவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சக்கர நாற்காலியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தலை ஒரு பக்கமாகச் சரிய உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த தாய் அவளுடைய வாயோரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி பீடத்தையே பார்த்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் முகம் அவரிடம் இல்லை. எங்களில் பலருக்குப் பொறுக்காமல் போனது அந்த முகம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவரை நான் அக்கா என்றே அழைத்து வந்திருக்கிறேன். மன்னார்ப் பக்கம். சிறுமியாக இருக்கும்போதே பெற்றோரோடு டென்மார்க்குக்கு வந்தவர். எங்கள் தலைமுறைப் பெண்கள் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவர் மருத்துவிச்சிப் படிப்பில் சேர்ந்து, கடைசி வருடம் மட்டும் மிச்சமிருந்தபோது தாயானார். எத்தனையோ பிள்ளைகளை இந்த உலகத்துக்குள் வாங்கியெடுக்கக் கைகளைப் பழக்கிக்கொண்டவருக்கு, தன் பிள்ளை வெளியே வரும்போது ஏதோ பிழையாகிப்போனது. பிள்ளைக்குச் சில நிமிடங்கள் மூச்சு இல்லை. யாருடைய தவறும் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதைச் சரிபார்க்கும் அளவுக்குப் படித்திருந்த அக்காவும் அப்படியே சொன்னார். குற்றம் சொல்ல ஒருவராவது இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு நாள் என்னிடம் சொன்னார். மகள் நடக்கவில்லை, பேசவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அக்கா படிப்புக்குத் திரும்பிப் போகவே இல்லை.

எங்கள் ஆட்கள் கொடியவர்கள் அல்லர். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், நவநாள் செபம் சொன்னார்கள், யாத்திரைத் தலங்களிலிருந்து புட்டிகளில் தீர்த்தம் கொண்டுவந்தார்கள். கூடவே வார்த்தைகளையும் கொண்டுபோனார்கள். தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கடவுள் கொடுக்கிறார் என்றார் ஒருவர். குடும்பத்தில் யாரோ செய்த பாவம் என்றார் இன்னொருவர். அக்கா சமையலை வாங்கி வைத்துக்கொண்டு வார்த்தைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். "அப்பிடியெண்டா என்னைத் தாங்கமாட்டாதவளா ஆக்கச் சொல்லிச் செபியுங்கோ" என்று அவர் ஒரு மாமியிடம் சொன்னது, ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து ஸ்கீவ நகரம்வரை எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

தேவாலயத்தின் பின்புறத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சிறிய அறை இருந்தது. கைக்குழந்தைகள் அழுதால் தாய்மார் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பூசை ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும். நவம்பர்ப் பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் தேநீரும் பற்றிஸ் பலகாரமும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, எங்கள் செபக்குழுத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீர் மறைக்கல்வி ரீச்சர். பொம்பிளையளுக்குள்ள கதைச்சா நல்லது. அந்த அறையில இருக்கச் சொல்லிப் பக்குவமாச் சொல்லிவிடும்" என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது நான் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தேன். கல்யாணமாகி ஏழாவது வருடம், பிள்ளை இல்லை. வைத்தியசாலையில் இரண்டு முறை சிகிச்சை செய்து இரண்டும் கைகூடவில்லை. மூன்றாவதற்குக் காத்திருந்தேன். கடவுளிடம் எனக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது என்று காலையும் மாலையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலை விட்டு எழும்பினேன். அதைக் கேள்விக்குள்ளாக்கும் எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. முன்வரிசையிலிருந்த அந்த நாற்காலியையும் நான் பார்க்க விரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்னர் அவரே கேட்டார். "அடுத்த வைகாசியில முதல் நன்மைக்கு ஏழு பிள்ளையளைப் பழக்குறியளாம், ரீச்சர். எட்டாவதா இவளையும் சேருங்கோ."

முதல் நன்மை என்றால் பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்குவது. கண்ணாடி அறையைப் பற்றிச் சொல்ல வந்தவள் அதை விட்டுவிட்டேன். பிறகு, நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னேன்: "அக்கா, இவளுக்கு அது தேவையில்லை. இவள் ஏற்கெனவே சம்மனசுதானே, பாவமே அறியாத வானதூதர். கடவுள் இவளை இப்படித் தந்ததுக்கும் ஒரு திட்டம் வச்சிருப்பார்."

அக்கா மகளுடைய குழாயில் தண்ணீர் செலுத்திக்கொண்டிருந்தார். அதை முடித்து, மூடியை அழுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"ரீச்சர், கடவுள் வேலை செய்யிறார். அதை நான் நம்புறன். என்ன வேலையெண்டு எனக்குக் காட்டவேணுமெண்டு அவருக்குக் கட்டாயமில்லை. ஆனா அவர் எனக்கே காட்டாததை உங்களுக்குக் காட்டினவர் மாதிரிக் கதைக்காதையுங்கோ. இவள் சம்மனசு இல்லை. பிள்ளை. கோவம் வந்தா என்ர தலைமயிரைப் பிடிச்சு இழுப்பாள். உங்கட ஏழு பிள்ளையளும் எப்பிடியோ, இவளும் அப்பிடித்தான்."

நான் அழுதுவிட்டேன். அவருக்காக அழவில்லை, எனக்காகத்தான். அக்கா தேநீர் போட்டுத் தந்தார். நான் என் கதையைச் சொன்னேன். அவர் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. ஊசி எந்தப் பக்கம் போடுகிறார்கள், எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், வலி எப்படி என்று மருத்துவிச்சியைப் போல விசாரித்தார். ஏழு வருடத்தில் முதன்முதலாக ஒருவர் என்னிடம் நடந்ததைக் கேட்டார். தலைவர் சொல்லிவிட்டதையும் புறப்படும்போது சொன்னேன். "பின்னுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

மகளை நான் வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சக்கர நாற்காலியை ஏற்றும் வான் வண்டி மண்டபத்தின் முன்னால் வந்து நிற்கும். முதல் நாள் ஏழு பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும், நாங்கள் கதைப்பது இவளுக்குக் கேட்குமா என்று டேனிஷ் மொழியில் கேட்டாள். அக்காவும் அதே மொழியில், "அவளிட்டையே கேள்" என்றார். அந்தப் பிள்ளை குனிந்து கேட்டது. மகளின் கண்கள் மெதுவாக, ஒரு கதவு திறப்பதைப் போல, அவள் பக்கம் திரும்பின. அவளுக்கு என்ன விளங்கியது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். மெழுகுதிரி ஏற்றினால் அவள் உடம்பின் இறுக்கம் தளரும். பாட்டு தொடங்கினால் சத்தமிடுவாள், பாட்டு முடிந்தால் நிறுத்துவாள். இவை நான் கண்டவை.

பங்குனியில் பிள்ளைகளைச் சந்திக்கத் தமிழ்ச் சுவாமி வந்தார். நல்லவர், களைத்துப்போனவர், நகரம் நகரமாகக் காரோட்டிப் பூசை வைப்பவர். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்கு விளங்க வேண்டும், அதுதான் திருச்சபையின் முறை என்று தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னார். தலைவரும் அருகில் நின்று தலையாட்டினார்.

"உங்களுக்கு விளங்குதோ, சுவாமி?" என்று அக்கா கேட்டார்.

தலைவரின் தலையாட்டல் நின்றுவிட்டது. சுவாமி அந்த அப்பத்தை முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் கையில் எடுப்பவர். அவரே, "இல்லையம்மா, முழுக்க விளங்கேல்லை" என்றார்.

"எனக்கும் விளங்கேல்லை. இவளுக்கும் விளங்கேல்லை. அப்ப நாங்கள் மூண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கலாம்தானே."

அப்பத்தை விழுங்க முடியாதே என்று தலைவர் பேச்சை எடுத்தார். ஒரு துளி திராட்சை இரசத்தை நாக்கில் வைத்தாலும் முழு நற்கருணைதான் என்று சுவாமியே பதில் சொன்னார். அவர் குரலில் அன்று முதல் தடவையாகக் களைப்பு இருக்கவில்லை.

வைகாசி ஞாயிறு. கடலிலிருந்து வந்த காற்று பிள்ளைகளின் வெள்ளை முக்காடுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே உடுத்துவதற்கு வசதியாக, முதுகுப்பக்கம் முழுவதும் திறந்திருக்கும் உடுப்பு ஒன்றை அக்கா தைத்திருந்தார். ஊர்வலத்தில் நாற்காலி கடைசியாக வந்தால் படத்துக்கு வடிவாக இருக்கும் என்று தலைவர் வாசலில் வைத்துச் சொல்லிப் பார்த்தார். அக்காவின் கணவர், வாய் திறந்து நான் கண்டிராத மனிதர், நாற்காலியின் பிடியில் கையை வைத்து, "உயரப்படி நிக்கட்டும். இருந்தபடி இவள்தான் கட்டை" என்றார். உயரம் குறைந்தவர் முன்னால் நிற்பதுதான் வழக்கம். நாற்காலி முதலாவதாகப் போனது.

சுவாமி சிறிய கரண்டியின் நுனியை அவள் நாக்கில் தொட்டார். முகம் சுருங்கியது. பிறகு அந்தச் சத்தம் கூரைவரை எழுந்தது. "ஆமென்" என்று அக்கா அவளுக்காகச் சொன்னார், கடைசி வாங்கு வரிசைவரை கேட்கும்படி. எந்த அற்புதமும் நடக்கவில்லை. அவள் கை நிமிரவில்லை, பேச்சு வரவில்லை. மண்டபத்தில் கேக் வெட்டும்போது, பூசையில் இந்தச் சத்தம் சரிதானா என்று இரண்டு பேர் கிசுகிசுத்ததும் என் காதில் விழுந்தது. அடுத்த மாதம் எனது மூன்றாவது சிகிச்சையும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் முயற்சி செய்யவில்லை.

ஆனால் இன்னொன்று நடந்தது. ஆவணியில் ஒரு முதியவர், நினைவு தவறிப்போன தன் மனைவியைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா எங்களில் எவர் கண்ணிலும் பட்டு மூன்று வருடமாகியிருந்தது. இருக்கிறாவா என்றுகூட நாங்கள் விசாரித்ததில்லை. அவர் முன்வரிசைக்கு நேராக நடந்துபோய், அக்காவுக்குப் பக்கத்தில் மனைவியை இருத்தினார். குளிர்காலத்துக்குள் ஸ்கீவ நகரத்திலிருந்து ஒரு குடும்பம் பேச்சு வராத தங்கள் மகளைக் கொண்டுவந்தது. எங்கள் வீடுகளின் உள்ளறைகளில் இத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் மாதத்தில் இரண்டு வார இறுதிகள் மகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். குழாயில் உணவு செலுத்தவும், இருமும்போது நெஞ்சைத் தட்டவும் அக்கா என்னைப் பழக்கினார். ரீச்சர் என்பது தங்கச்சி ஆனது.

மகளுக்கு இப்போது இருபது வயது. ஊருக்குள்ளேயே, மாற்றுத்திறனாளிகளுக்கான விடுதியில் ஒரு அறையில் இருக்கிறாள். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. மருத்துவிச்சிப் படிப்பை முடிக்கலாமே என்று பலர் சொன்னார்கள். "அந்த ஆசை செத்துப்போச்சு. அதுக்கு நான் அழுதும் முடிச்சிட்டன்" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலிக்காரரை ஏற்றியிறக்கும் கொம்யூன் பேருந்தை, நகரசபையின் பேருந்தை, ஓட்டுகிறார்.

சென்ற மாதம் விடுதியில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற என் விரல்களுக்கு அந்தத் தலைமயிரின் ஒவ்வொரு சிக்கும் தெரியும். மனம் இளகி, பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் இப்ப நினைக்கிறன். எனக்குப் பிள்ளை இல்லாமல் போனதும், இவள் இப்பிடிப் பிறந்ததும், அந்த வயசுபோன அம்மா வெளியில வந்ததும், எல்லாம் ஒண்டுக்காகத்தான் போல. கடவுள் இவளை எனக்காகவும்தான் தந்திருக்கிறார்."

அக்கா ஜன்னலோரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தங்கச்சி, இவள் உமக்குக் கிடைச்சது உண்மை. நீர் இவளுக்குக் கிடைச்சதும் உண்மை. நான் அதுக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லுறன். ஆனா அதுக்காகத்தான் இவளுக்கு மூச்சு நிண்டதெண்டு சொல்லாதையும். நான் கும்பிடுற கடவுள் ஒரு பிள்ளையை உடைச்சு இன்னொரு ஆளுக்கு மருந்து அரைக்கிறவர் இல்லை."

"அப்ப அவர் என்னதான் செய்யிறாரக்கா?"

"எனக்குத் தெரியாது" என்றார். "தெரியாமலே இருவது வருசம் அவரோட வந்திருக்கிறன். இன்னும் வருவன். ஆனா ஒவ்வொரு காலையும் கேப்பன். அவர் பதில் சொல்லேல்லை எண்டுறதுக்காகக் கேக்கிறதை விடமாட்டன்."

அவர் மறுபடி மடிக்கத் தொடங்கினார். நான் பின்னலை முடித்தேன். ஒரு காலத்தில் நான், திட்டம் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு கும்பிட்டவள். இப்போது காலையில் வேலைக்குக் கார் ஓட்டும்போது ரேடியோவை நிறுத்திவிட்டுச் சத்தமாகவே கேட்கிறேன், ஏன் என்று. பதில் வருவதில்லை. காது கொடுப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்ற நிச்சயம் மட்டும் ஒவ்வொரு முறையும் வருகிறது. நாளைக்கும் கேட்பேன்.