தலைக்கு ஒரு சாவி

என் அம்மாவால் திறக்க முடியாத பூட்டு இந்தப் பூமியில் இன்னும் செய்யப்படவில்லை. பூட்டுக் கம்பெனிக்காரர்கள் அவள் படத்தை மாட்டிவைத்து அதன் முன்னால் அழுவதாகக் கேள்வி. சொர்க்கத்துக்குக் கதவு இருந்தால், அதன் டூப்ளிகேட் சாவி எங்கள் கடையில் மூன்றாவது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஜாம் பாட்டில் மூடிக்கு மட்டும் அப்பா வர வேண்டும்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மருந்துக் கடைக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்கு ஒரு கதவு. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

அம்மா இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா, அம்மா, அண்ணன், இவள், எல்லாருக்கும் மூன்றாவது மாடியில் ஒரே அறை. மூன்று பேருக்கு மேல் கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லியிருந்ததால் மூன்று பேர் என்றே சொல்லி வைத்திருந்தார்கள். ஓனர் வந்தால் அம்மா அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். இல்லாத ஆளுக்கு எதற்குச் சாவி? பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாராவது வரும்வரை படிக்கட்டில் குளிரில் உட்கார்ந்திருப்பாள். மாமா இன்றைக்கும் கிண்டல் செய்வார்: "நாங்க மனுஷங்களா வந்தோம், உங்கம்மா மூட்டை முடிச்சுல ஒண்ணா வந்தவ."

தெருமுனைச் சாவிக்கடைக்காரர் தினமும் அவளைப் பார்த்திருக்கிறார். ஒருநாள், "உங்க வீட்டுச் சாவியைக் கொஞ்சம் கொண்டா" என்றார். அவளுக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தார். எத்தனை பேர், ஏன், என்ன என்று ஒரு கேள்வியும் இல்லை. அம்மா அந்தச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே குளித்தாளாம்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் என்றால் தலைக்கு ஒரு சாவி, இலவசம். கைக்குழந்தைக்கும் உண்டு. "இதுக்கு எதுக்குங்க?" என்று கேட்டால், "வளராமயா போயிடும்" என்பாள்.

போன சனிக்கிழமை கடைக் கதவில் 'தள்ளவும்' இருந்த இடத்தில் 'இழுக்கவும்' ஒட்டிவிட்டேன். செருப்புத் தைப்பவர், இழுத்த இழுப்பில் கழன்ற கைப்பிடியோடு வந்தார். தண்டனையாக நான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு போக வேண்டியதாயிற்று.

இரண்டாவது மாடி. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம். அவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர், அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. இரண்டு பேரும் திரும்ப ஆறு மணியாகும் என்றார்கள். கையில் ஒரே ஒரு சாவி.

"எத்தனை பேரு?" என்றாள் அம்மா.

"மூணு பேருதாங்க. நான், இவ, பையன்."

பையனுக்கு நாலு வயதிருக்கும். அப்பாவைத் திருத்துவதுபோல நாலு விரலைக் காட்டினான். அவன் அம்மா ஒரு விரலை மடக்கிவிட்டாள்.

"மூணுன்னா மூணு. அப்போ இன்னும் ரெண்டு வெட்டணும்" என்று அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள்.

எனக்கோ ஆத்திரம். டம்ளரில் நாலு பல் பிரஷ். ஆணியில் அந்தப் பொடியனைவிடப் பெரிய பள்ளிக்கூடப் பை, புத்தம் புதுசு. ஜன்னல் திரைக்குக் கீழே காலுறை போட்ட இரண்டு கால். கட்டைவிரல் வேறு ஆடுகிறது. பூட்டுக்குள் இருக்கும் முள்ளெல்லாம் தெரிகிற அம்மா கண்ணுக்கு இது தெரியவில்லையா? திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி ஆறு மணிவரை படிக்கட்டில்தான்.

கடைக்கு வந்து அம்மா சாவிகளை வெட்டி முடித்து, பழையதோடு சேர்த்து ஒரு கவரில் போட்டுவிட்டு, கை கழுவப் போனாள். நான் மெஷினை ஓட்டி, பழைய சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டி, கவருக்குள் போட்டேன். பிறகு நல்ல பிள்ளையாகத் தரை கூட்டினேன். அதிலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுபடி அந்த வீடு. அந்த அம்மாள் கவரை உள்ளங்கையில் கவிழ்த்தாள். நாலு சாவி. அவள் முகம் வெளிறிப்போனது.

"நாங்க மூணு பேருதாங்க," என்றார் ரொட்டிக்காரர். "ஓனர் ஏதாவது சொன்னாரா?"

நல்லது செய்யப் போய் குடும்பத்தையே தெருவுக்கு அனுப்பிவிட்டேனோ? "அது வெட்டும்போது கெட்டுப்போனதுங்க" என்று உளறினேன்.

அம்மா அந்தச் சாவியை எடுத்துப் பூட்டில் போட்டாள். பாதியில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைத் திறந்து, அரத்தை எடுத்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஓனர் எனக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல," என்றாள், தலை நிமிராமல். "நான் அலமாரிக்குப் பின்னாடி நின்னு வளந்தவ. திரை பத்தாதும்மா, கால் தெரியுது."

திரை சிரித்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அம்மா நீட்டிய சாவியைப் போட்டுத் திருப்பினாள். வெண்ணெய் மாதிரி சுற்றியது. உடனே எங்கள் எல்லாரையும், பெற்றவர்கள் உட்பட, படிக்கட்டுக்குத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

"அப்பாதாம்மா."

"சாவி இருக்குல்ல, திறந்துட்டு வாங்க."

ரொட்டிக்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கீழே இறங்கும்போது அம்மா கேட்டாள்: "பிரஷ்ஷை எண்ணினியா?"

"எந்த பிரஷ்?"

"நடிக்காதடி. நான் செருப்பை எண்ணினேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "எப்பவும் ஒண்ணு கூட வெட்டி, மறந்த மாதிரி அவங்க மேஜையில வெச்சிட்டு வந்துருவேன். யாருக்கும் சங்கடம் இல்ல. உன் அவசரத்துல இன்னைக்கு ஒரு பொம்பளைக்கு உயிரே போயிருக்கும்."

"இப்படி எத்தனை வருஷமா பண்றே?"

"பேச்சை மாத்தாத. நாளையிலேருந்து மெஷின் ஸ்விட்சுக்கும் பூட்டு." ரெண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "அப்புறம், நீ எப்படியும் அதைத் திறந்துருவே. திறந்தா, வெட்டினப்புறம் பிசிறைத் தேய்ச்சுத் தொலை. பிள்ளைங்க கையைக் கிழிக்கும்."