வெட்டிய ஓரத்தில் இருந்தது: ஜார்ஜ்டவுனில் படம் படித்த ஒரு நாள்

பாடப்புத்தகப் படத்தைக் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால், என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள். அதன் கீழே இருக்கும் வரியை வாசித்துச் சொல்வார்கள். அதனால்தான் சென்ற பள்ளி விடுமுறையில் ஆறு பேரை ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களைப் பார்க்க அழைத்துப் போனேன். அங்கே கீழே வரி கிடையாது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காலை ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி. கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவு. படகுத்துறையிலிருந்து ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போகலாம். பத்து மணிக்கு மேல் போனால் ஓவியம் தெரியாது, அதன் முன்னால் போஸ் கொடுக்க நிற்கும் வரிசைதான் தெரியும்.

என் விதி ஒன்றுதான். கண்ணில் படுவதை முதலில் சொல்ல வேண்டும். மனதில் தோன்றுவதைப் பிறகு. முதல் சுவரில் ஒரு சிறுமி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறாள்.

"அவளுக்குப் பசி டீச்சர்," என்றான் தினேஷ்.

"பசி எங்கப்பா தெரியுது?"

தலையைச் சொறிந்தான். "கூடை காலியா இருக்கு. அதான் தெரியுது."

அடுத்த சந்து முனையில் ஏதோ சத்தம். நான் பின்னால் இருந்தேன், பார்க்கவில்லை. முன்னால் போன யாழினி அதற்குள் போனில் படம் பிடித்துவிட்டாள். மூன்று சக்கர பெச்சா ஓட்டுநர் ஒருவர் கையை ஓங்கிக் கத்துகிறார். எதிரே ஒரு சுற்றுலாப் பெண் மிரண்டு நிற்கிறார். 'டூரிஸ்ட்ட அடிக்கப் போறாரு பெச்சா அங்கிள்' என்று எழுதி, ஊரே பார்க்கும்படி இணையத்தில் ஏற்றத் தயாராக இருந்தாள்.

அந்த மனிதருக்குப் பிழைப்பே அந்தத் தெருதான். அந்த வரி பரவினால் அவர் வண்டியில் யார் ஏறுவார்? ஆனாலும், "போடாதே" என்று நான் சொல்லவில்லை. "என்ன தெரியுது?" என்றுதான் கேட்டேன். ஆறு தலைகளும் போன்மேல் கவிழ்ந்தன.

"கை மேல இருக்கு."

"அந்த அக்காவோட ஒரு கால் ரோட்டுல இருக்கு லா."

"அவரு அவங்கள பாக்கவே இல்ல டீச்சர்," என்றான் தினேஷ். "படத்துக்கு வெளிய எங்கயோ பாக்குறாரு."

"வெளிய என்ன?"

யாழினி முனகினாள். "ஓரத்த வெட்டிட்டேன் டீச்சர். அழகா இல்லன்னு."

வெட்டாத படத்தைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து வளைந்து வருகிறது. எழுதிய வரியை அவளே அழித்தாள். பிறகு நேராக ஓட்டுநரிடம் போய்ப் படத்தைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு பாட்டுக்குச் சுவரப் படம் பிடிக்கப் பின்னாலயே நடக்குது, மோட்டார் பறந்து வருது. கத்தாம என்ன செய்ய?" என்றவர், படத்தை உற்றுப் பார்த்தார். "என்னம்மா, வெட்டுறதுன்னா என் தொப்பைய வெட்டு லா!"

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: சீக்கிரம் கிளம்புங்கள், தொப்பியும் தண்ணீரும் வேண்டும், ஆறு பேருக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள். எடுத்த படங்களைப் பற்றித் திரும்பும் பெர்ரியிலேயே பேசிவிடுங்கள். வீடு போனால் மறந்துவிடும்.

யாழினியின் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. ஓட்டுநர், அந்தப் பெண், மோட்டார், தொப்பை எல்லாம் முழுதாக. கீழே ஒரு வரியும் எழுதவில்லை.