துண்டு போட்ட இடம்

ராமுத்தாய் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். சந்தையில் இடித்துக்கொண்டு முந்துகிறவன், பஸ்ஸுக்குள் வெற்றிலை துப்புகிறவன், எவனும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. "உனக்கேன்டி ஊர் வம்பு?" என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம். அவள் மகள் கருத்தம்மாளைப் போடிக் கோயிலில் வைத்துச் சிலமலைக்காரர்கள் பெண் பார்த்தார்கள். பிடித்துவிட்டது. மலையில் பெண் வீட்டுக்கு வந்து தாம்பூலத் தட்டைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா மொக்கச்சாமி, அவர் சம்சாரம் பாண்டியம்மாள், தாய், மகள், நான், எல்லாரும் மலைக்கு ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

மொக்கச்சாமி ஜன்னல் வழியாகத் துண்டை வீசிப் பெண்கள் ஸீட்டைப் பிடித்திருந்தார். ஜன்னலோரம் சம்சாரம், பக்கத்தில் துண்டின்மேல் தாம்பூலத் தட்டு. எதிர் ஸீட்டில் அவர் காவல். எங்கள் ஊர் நிறைமாதக்காரி ராக்கு வந்து இடம் கேட்டதற்கு, "ஆள் வருது" என்றுவிட்டார். துண்டு போட்ட இடத்தை எங்கள் பக்கம் கண்டக்டர்கூடத் தொடமாட்டார். மலையடிவாரத்து முந்தல் தாண்டியும் ஆள் வரவில்லை. இனி வளைவுக்கு வளைவு வண்டி ஆளைத் தூக்கிப் போடும். ராக்கு கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள், பாவம்.

ராமுத்தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் சம்பந்தம் போய்விடுமே! "இன்னைக்கு ஒருநா சும்மா இரு தாயி" என்று நான் அவள் கையை அழுத்தினேன்.

கருத்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னாத்தா, வாயில கொழுக்கட்டையா? கேளு!"

மகளே சொன்னபிறகு கேட்கவேண்டுமா? ராமுத்தாய் எழுந்துபோய் அந்தத் துண்டைக் கும்பிட்டாள். "துண்டு சாமி, புள்ளத்தாச்சி நிக்கிறா. கொஞ்சம் எந்திரிச்சு எடம் குடுங்க."

பஸ்ஸே சிரித்தது. மொக்கச்சாமியின் முகம் கறுத்தது. "தாம்பூலத் தட்டும்மா அது! தரையில வைக்கச் சொல்றியா? இல்ல, மாப்ள வீட்டுக்காரன் மடியில சுமக்கணுமா?"

போச்சு, எல்லாம் போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதுவரை வாயே திறக்காத பாண்டியம்மாள் தட்டைத் தூக்கினாள். நேரே ராமுத்தாயின் கையில் வைத்தாள்.

"நீங்க பிடிங்க சம்பந்தியம்மா. வீட்டுல குடுக்கிறத இங்கனயே குடுத்துட்டேன்" என்றவள், புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன முழிக்கிறீக? வெரசா துண்டை எடுங்க, புள்ள உக்காரட்டும்!"