அம்மை வீட்டுச் சீட்டு

எங்க அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில காயம் கட்டுறவ. நான் அங்க துணி துவைக்கிறவ. எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கை சுத்தம். மாசம் ஒருதரம் மலைமேல போய்க் காய்ச்சல் மருந்து கொடுப்பா. கொடுத்த வீட்டுக்கெல்லாம் சீட்டு எழுதி, ஆஸ்பத்திரியை நடத்துற ஃபாதர்கிட்ட கொடுக்கணும்: எந்தப் பாதை, ஊத்து எங்க, ஆம்பளைங்க எத்தனை பேர்.

"மருந்துக்கு எதுக்குக்கா ஆம்பளைங்க கணக்கு?"ன்னு கேட்டேன்.

"ஃபாதர் நல்ல மனுஷன்டி. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"ன்னா.

நல்ல மனுஷன்தான். வினையே அதுதான்.

ஒருநாள் மத்தியானம் அவர் அறைக்குப் போன அக்கா வாசல்லயே நின்னுட்டா. உள்ள பட்டாளத்து கேப்டன். மேசைமேல பெரிய வரைபடம். ஊத்துக்கு அக்கா போடுற வால் வெச்ச வட்டம் அப்படியே அதுல இருந்துச்சு. நிலத்தை விடமாட்டோம்னு நின்னவங்களைத்தான் பட்டாளம் தேடுது. என் புருஷனும் அதுல ஒருத்தர். மலைமேல இருக்குற எங்க ஊர்ப் பாதை மட்டும் வரைபடத்துல இன்னும் ஏறல.

"இந்த ஊர்ச் சீட்டு எங்கே?"ன்னு வரைபடத்துல காலியா இருந்த இடத்தைத் தொட்டுக் கேட்டான் கேப்டன்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதினா. பன்னெண்டு வீடு. பன்னெண்டு சீட்டுலயும் மூலையில கறுப்புக் கோடு. கறுப்புக் கோடுன்னா அம்மை வீடு, நாப்பது நாள் யாரும் உள்ள போகக் கூடாது. கேப்டன் நாற்காலியைப் பின்னால தள்ளிக்கிட்டான்.

அக்கா மூச்சுவிடறதுக்குள்ள ஃபாதர் மருந்துப்பெட்டியைத் தூக்கிட்டார். "பன்னெண்டு வீடா! நான் போகாம வேற யார் போவா? வழி காட்டும்மா."

கிளம்புமுன்ன அக்கா துவைக்கிற கல்லுகிட்ட வந்து, "ஃபாதர் வந்து பார்த்தா அம்மை இல்லன்னு தெரிஞ்சிரும். ஊரைக் காலி பண்ணச் சொல்லு, ஓடுடி"ன்னா. நான் குறுக்குவழியில விழுந்தடிச்சு ஓடினேன். அவ ஃபாதரைச் சுத்துவழியில மூணு நாள் நடத்தினா. அதுக்குள்ள ஊரே சட்டிபானையோட பின்மலைக்குப் போயிருச்சு.

காலி வாசல்ல ஃபாதர் மண்டிபோட்டு அழுதாராம், எல்லாரும் செத்துட்டாங்கன்னு. நெசமாவே அழுதாராம். அப்புறம் ஒவ்வொரு சீட்டுலயும் 'ஆள் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா பக்கத்துலயே நின்னா. வாயைத் திறந்தா எங்க உசிரு போகும். திறக்கல.

நாப்பது நாள் கழிச்சு இறங்கி வந்தோம். ஊரைச் சுத்தி முள்வேலி. கேப்டன் பன்னெண்டு சீட்டையும் நீட்டினான். "ஆள் இல்லாத நிலம். ஃபாதரே எழுதியிருக்கார்."

அடப்பாவி, நாங்க நிக்கிறோமே!

நிலமே கைக்கு வந்துட்டதால பட்டாளம் இப்ப ஆளைத் தேடல; புருஷன் உசிரோட இருக்கார். எங்க கொல்லையில பட்டாளம் குதிரை கட்டுது. அக்காமேல கோபமான்னா, கோபந்தான். அவ மடியில தலைவெச்சுத்தான் அழுறேன்.