பதினான்காம் எண் சட்டை

துணி வெளுக்கிறவனுக்கு வாடிக்கையாளரின் முகத்தைவிட அவருடைய காலர்தான் நன்றாகத் தெரியும். நல்ல சட்டை ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட்டு, மடித்து அடியில் ஒளித்து வைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி, மேலே படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் என் கடை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள். வருவதெல்லாம் கம்பெனி யூனிஃபார்ம், எண்ணெய், கிரீஸ். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். காலருக்குள் தைத்திருக்கும் துண்டில் சின்னச் சின்னப் படங்கள் இருக்குமே, அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் தொழிலைக் கற்றேன். என் மனைவி இருந்தவரை இஸ்திரி அவள் பொறுப்பு. அவள் போன பிறகு வெள்ளானூரிலிருந்து காஞ்சனா வருகிறாள்.

சில வருடங்களுக்கு முன் ஆவடிப் பக்கம் அண்டை நாடுகளின் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடும் கால்பந்துப் போட்டி நடந்தது. இலங்கை அணி காட்டுப்பாக்கத்தில் ஒரு ஓட்டலில் தங்கியது. அந்த ஓட்டல் துணி என்னிடம் வருவது வழக்கம். அப்படித்தான் ஒரு நாட்டின் சட்டைகள் என் கடைக்கு வந்தன.

பெட்ஷீட் மரியாதை

அணியின் உடுப்புகளுக்குப் பொறுப்பானவர் ஜெரோம். மன்னார்க்காரர், தமிழர். மூட்டையை இறக்கியதும் ஒரு பாடம் நடத்தினார். நீலத்தில் ஒரு செட், வெள்ளையில் ஒரு செட். எந்த ஆட்டத்துக்கு எந்த நிறம் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்வார்கள். “சட்டையில இருக்கிற நம்பரும் பட்டியலில இருக்கிற நம்பரும் ஒண்டா இருக்கவேணும், அண்ணை. இல்லாட்டி அந்தப் பெடியன் விளையாடேலாது.”

அவர் போன பிறகு ஒரு சட்டையை விரித்துப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு நாட்டின் கொடி. வழக்கம்போல் தரையில் கொட்ட மனம் வரவில்லை. சலவை செய்த பெட்ஷீட் ஒன்றை விரித்து அதன்மேல் அடுக்கினேன். காஞ்சனா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“இன்னாண்ணே, சாமி துணி மாரி வெச்சிகீறே? எந்த நாட்டு சேறும் சேறுதாண்ணே.”

துணி சொன்ன ஆட்டம்

அதுவரை நான் ஒரு கால்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு ஆட்டத்துத் துணி வந்து போனதும் அந்தப் பையன்களை எனக்குத் தெரிந்துவிட்டது. நான்காம் எண்ணுக்கு எப்போதும் இடது இடுப்பில்தான் புல் கறை. அவன் அந்தப் பக்கமாகவே சறுக்கி விழுகிறான். ஒன்பதாம் எண்ணின் கழுத்து இழுபட்டு விரிந்திருந்தது. அவனைப் பிடித்து இழுக்காமல் யாராலும் தடுக்க முடியவில்லை. கோல் காப்பவனின் இரண்டு முழங்கையிலும் மண் இழையோடு இழையாக ஏறியிருந்தது. எத்தனை தடவை விழுந்து, எத்தனை தடவை எழுந்திருந்தால் இப்படி ஏறும்? ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

பதினான்காம் எண் மட்டும் இரண்டு தடவையும் ஒரு கறைகூட இல்லாமல் வந்தது. புதுத்துணி மினுப்புகூடப் போகவில்லை. ஜெரோமிடம் கேட்டேன்.

“அவனை இன்னும் இறக்கேல்லை, அண்ணை. ஆனா எல்லாருக்கும் முதல் உடுத்துக்கொண்டு நிக்கிறது அவன்தான்.”

அக்கறை செய்த வேலை

அரையிறுதிக்கு முதல் நாள் ஜெரோம் போன் செய்தார். ஒரு பையன் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியதால் ஆடக்கூடாது, அவனுக்குப் பதில் பதினான்கு இறங்குகிறான், சட்டை நீலம், ஆட்டம் நாளை நான்கு மணிக்கு.

எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம். விளையாட்டுச் சட்டைக்கு இஸ்திரியே கிடையாது. உலர்த்தி மடித்தால் போதும். ஆனால் முதல் தடவை இறங்குகிற பையன், கொஞ்சம் விறைப்பாகப் போகட்டும் என்று காலையில் அந்த ஒரு சட்டையை மட்டும் மேஜையில் விரித்தேன். கம்பெனி காக்கிக்கு வைத்திருந்த சூட்டோடு முதுகில் ஒரு இழுப்பு. பெட்டியைத் தூக்கினேன். 14-இல் 4 மட்டும் அதோடு எழுந்து வந்தது.

காலருக்குள் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிமேல் பெருக்கல் குறி போட்ட படம். காஞ்சனாவுக்கு அந்தப் படத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மடித்து அடியில் வைக்கத்தான் கை போனது. அவள் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணு கீது, நாலு பூட்ச்சி. ஒளிக்காதண்ணே, அந்தப் புள்ள ஆடணும். போனப் போடு.”

எஸ்டேட் மெஷின்

ஜெரோம் திட்டியிருந்தால் தேவலை. ஆட்டத்தில் ரத்தம் பட்டால் மாற்றுவதற்கென்று எண் இல்லாத நீலச் சட்டை ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னார். ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குச் சட்டைகளைச் சரிபார்ப்பார்கள்.

எஸ்டேட்டில் டீ-ஷர்ட்டுகளில் கம்பெனிப் பெயர் ஒட்டும் பாபு, சாப்பாட்டுக்காகக் கடையை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். “எந்தக் கம்பெனி?” என்றான். கம்பெனி இல்லை, ஒரு நாடு என்றேன். ஷட்டரை மறுபடி தூக்கினான். பொசுங்கிய சட்டையின் எண்ணை அளந்து, ஒட்டும் தாளில் புதிதாக வெட்டினான், உயரம் சரியில்லை என்று கிழித்துப் போட்டான், மறுபடி வெட்டினான். மூன்றாவதுதான் அவனுக்குப் பிடித்தது. அதைச் சட்டைமேல் வைத்து, சூடேறிய தகட்டை இறக்கினான். என் கையில் எண்ணைத் தின்ற சூடு, அவன் கையில் அதைத் துணியோடு சேர்த்து வைத்தது. பாபு நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு நீட்டினான்.

“இதுவரிக்கும் நின்னுகினு வேலை செய்ற ஆளுங்களுக்குத்தான் ஒட்டிகீறேன், அண்ணாத்தே. இது ஓடுற ஆளு. அதான் ரெண்டு அழுத்து சேத்து அழுத்தினேன்.”

நான் பார்த்த முதல் ஆட்டம்

சரிபார்க்கும் அதிகாரி அந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாராம். மற்ற எண்களைவிடக் கொஞ்சம் தடிமன். இருந்தும் அனுப்பிவிட்டாராம்.

ஜெரோமோடு போன நான் மைதானத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வெளியே வந்தான். ஒல்லி. காதுகள் இரண்டும் தனியாக நின்றன. இத்தனை நாள் வெறும் துணியாக இருந்ததற்குள் ஒரு உயிர் இப்படி ஓடும் என்று நான் நினைத்ததில்லை. பந்து எங்கே என்று நான் பார்க்கவே இல்லை. அவன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். ஒவ்வொரு தடவை எழும்போதும் முதுகைத்தான் பார்த்தேன், எண் அசையவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். விசில் ஊதிய பிறகும் அவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஜெரோம் கடைசி மூட்டையோடு வந்தார். பிரித்து அடுக்கினேன். பதினான்கு இல்லை. பாபு ஒட்டிய எண்ணும் பிய்ந்துவிட்டதோ என்று மூட்டையை உதறிப் பார்த்தேன். கேட்டேவிட்டேன்.

“நம்பர் அப்பிடியே இருக்குது, அண்ணை. பெடியன்தான் தரமாட்டன் எண்டிட்டான். தோய்ச்சா சேறு போயிடுமாம், அம்மாவுக்குக் காட்டவேணுமாம்.”

முப்பது வருடம் வெளுத்துப் பேர் வாங்கிய எனக்கு, பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது என் கையில் துவைக்கக் கிடைக்காமல் போன அந்த ஒரு அழுக்குச் சட்டைதான்.